அம்மாவின் ஊசி எந்த ஊர் நேரப்படி?

இந்த வாரம் பதிலளிக்க எடுத்துக்கொண்டது ஒரு மகனின் நீண்ட கடிதம். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் இரண்டு ஊர்களையும் நீக்கிவிட்டேன். எண்களை மட்டும் அப்படியே வைத்திருக்கிறேன், ஏனென்றால் சிக்கல் முழுவதும் அந்த எண்களில்தான் இருக்கிறது.

அவருடைய அம்மாவுக்கு 71 வயது. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். தினமும் இரவு 9 மணிக்கு ஒரு நாள் முழுவதும் வேலை செய்யும் வகை இன்சுலின் ஒரு முறை. காலை, இரவு உணவுக்கு முன் சர்க்கரை மாத்திரை. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை. கால்களில் நரம்புச் சுருட்டு உண்டு. இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு இல்லை. மகள் வீட்டில் மூன்று வாரம் தங்குவதற்காக முதன்முறையாக விமானம் ஏறப் போகிறார். கூடவே மகனும் செல்கிறார்.

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே தூரம் 13,000 கி.மீ. என்று ஓர் இணையதளம் காட்டியிருக்கிறது. பயண நேரம் 14 மணி 26 நிமிடம். டிக்கெட்டில் இருப்பதோ வேறு. புறப்பாடு நள்ளிரவு தாண்டி 1:30, வருகை அதே தேதி காலை 7:30. திரும்பும்போது அங்கே பகல் 11:30-க்குக் கிளம்பி, இங்கே மறுநாள் பகல் 12:30-க்கு இறங்குகிறது. அந்த ஊர் நம்மைவிட பத்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. ‘14 மணி நேரமா, 6 மணி நேரமா, எது சரி? போகும் தூரமும் வரும் தூரமும் ஒன்றுதானே, நேரம் ஏன் மாறுகிறது? வரைபடத்தில் விமானம் வடக்கே வளைந்து சுற்றிப் போகிறதே, நேராகப் போகும் விமானம் கிடைக்காதா?’ என்று கேட்கிறார். இடைநில்லா விமானத்தில் 16 மணி நேரம் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்தியதால், வழியில் 1 மணி 20 நிமிடம் நின்று வேறு விமானம் மாறும் டிக்கெட்டை எடுக்கலாமா என்ற யோசனையும் இருக்கிறது. கடைசியாக ஒரு வரி: ‘ஊசியைப் பற்றிக் கவலையில்லை, போனில் இரவு 9 மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.’

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் கவலைப்பட வேண்டாம் என்று ஒதுக்கிய அந்தக் கடைசி வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. அதற்கு முன் நேரக் கணக்கைச் சரிசெய்துகொள்வோம். அது சரியாகாமல் ஊசியைப் பற்றிப் பேச முடியாது.

14 மணி 26 நிமிடம் எங்கிருந்து வந்தது

13,000-ஐ 900-ஆல் வகுத்துப் பாருங்கள். அதே விடைதான் வரும். அந்தத் தளம் செய்தது அவ்வளவே: பூமி உருண்டையின் மேற்பரப்பில் இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய தூரத்தை எடுத்து, ஜெட் விமானத்தின் சராசரி வேகத்தால் வகுத்திருக்கிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்லும் நேரம், மேலேறும் நேரம், இறங்க வரிசையில் வட்டமடிக்கும் நேரம், எதிர்க்காற்று எதுவும் அதில் இல்லை. டிக்கெட்டில் விமான நிறுவனம் அச்சிடும் நேரமோ, விமானம் வாயிலை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் வாயிலில் போய் நிற்பது வரை. இரண்டும் ஒத்துப்போனால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

வடக்கே வளைவது சுற்றுவழி இல்லை. உருண்டையைத் தட்டையான தாளில் விரித்ததால் ஏற்படும் தோற்றம் அது. ஓர் உலக உருண்டையை எடுத்து இரண்டு ஊர்களுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்தால், நூல் தானாகவே வடக்கே ஏறிப் போவதைப் பார்க்கலாம். நீங்கள் நினைக்கும் ‘நேர்கோடு’தான் உண்மையில் நீளமான வழி. ஆனால் விமானங்கள் அந்த நூலின் மீதும் அப்படியே பறப்பதில்லை. மூடப்பட்ட வான்வெளியைத் தவிர்க்க வேண்டும். இரட்டை எஞ்சின் விமானமென்றால் அவசரத்துக்கு இறங்க ஒரு விமான நிலையம் குறிப்பிட்ட நேரத் தொலைவுக்குள் எப்போதும் இருக்க வேண்டும். 2022-இல் ரஷ்யாவின் வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்ட பிறகு, ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ செல்ல ஒன்பதரை மணி நேரம் ஆனது ஏறக்குறைய 13 மணி நேரமாகிவிட்டது. ஊர்கள் இரண்டும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. தூரம் காட்டும் தளத்தில் எண்ணும் மாறவில்லை.

போக வர நேரம் மாறுவதற்குக் காரணம் காற்று. விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. குளிர்காலத்தில் அது இன்னும் வலுவாக இருக்கும். மேற்கே போகும்போது எதிர்த்துத் தள்ளும், கிழக்கே வரும்போது முதுகில் கைவைத்து அனுப்பும். 2020 பிப்ரவரியில் ஒரு புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. வழக்கமாக ஆறரை முதல் ஏழு மணி நேரமாகும் பயணம் அது.

உங்கள் டிக்கெட்டுக்கு வருவோம். இரண்டு ஊர் நேரத்தையும் கழித்து ஆறு மணி நேரம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கழிப்பதற்கு முன் இரண்டையும் ஒரே ஊரின் நேரத்துக்கு மாற்ற வேண்டும். அங்கே காலை 7:30 என்றால் இங்கே மாலை 6 மணி. 1:30-லிருந்து மாலை 6 வரை பதினாறரை மணி நேரம். திரும்பும்போது அங்கே பகல் 11:30 என்பது இங்கே இரவு 10. மறுநாள் 12:30 வரை பதினான்கரை மணி நேரம். அதாவது வரும்போது காற்று துணையிருப்பதால் உங்கள் 900 கி.மீ. வேகக் கணக்கு ஏறக்குறைய சரியாகவே வந்துவிடுகிறது. போகும்போதுதான் இரண்டு மணி நேரம் கூடுகிறது. 2018-இல் தொடங்கிய பெர்த்–லண்டன் இடைநில்லாப் பயணத்தையே பாருங்கள்: சுமார் 14,500 கி.மீ., சுமார் 17 மணி நேரம். மணிக்கு 850 கி.மீ. வீதம்தான் விழுகிறது. (இன்னொரு தளம் 7,019 மைல் என்றும் மற்றொன்று 8,078 மைல் என்றும் காட்டியதாக எழுதியிருந்தீர்களே, அவை இரண்டு வழிகள் இல்லை. முதலாவது கடல் மைல், இரண்டாவது தரை மைல். தூரம் ஒன்றேதான்.)

ஆனால் ஒரு மருத்துவராக எனக்கு இந்தப் பதினாறரை மணி நேரமும் போதாது. அம்மா இரவு ஒன்பதரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புவார். விமான நிலையத்தில் மூன்று மணி நேரம். இறங்கிய பிறகு குடிநுழைவு வரிசை, பெட்டிகள், கார் என்று இன்னொரு மூன்று மணி நேரம். மகள் வீட்டு வாசலில் கால் வைக்கும்போது அங்கே காலை பத்தரை. நம் நேரப்படி இரவு 9. கிட்டத்தட்ட 24 மணி நேரம் அவர் சரியாகப் படுக்காமல், வழக்கமான வேளைகளில் சாப்பிடாமல் இருந்திருப்பார். உங்கள் திட்டத்தில் 14 மணி 26 நிமிடத்தை அழித்துவிட்டு இந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

அலாரம் செய்யப் போகும் வேலை

இப்போது ஊசி. கிளம்பும் நாள் இரவு 9 மணிக்கு வீட்டிலேயே போட்டுவிடுவார். நல்லது. அதன்பின் விமானம் இறங்கியதும் உங்கள் போன் தானாகவே அந்த ஊர் நேரத்துக்கு மாறிக்கொள்ளும். அலாரமும் அந்த ஊர் இரவு 9 மணிக்குத்தான் அடிக்கும். அது நம் நேரப்படி அதற்கு மறுநாள் காலை 7:30. முந்தைய ஊசிக்குப் பிறகு முப்பத்து நான்கரை மணி நேரம் ஓடியிருக்கும். ஒரு நாள் தாங்கும் மருந்தை நம்பி ஒன்றரை நாள் ஓட்டுவதாக ஆகிறது. நடுவே பத்தரை மணி நேரம், அதுவும் தூக்கமில்லாமல் வேளை கெட்டுச் சாப்பிட்ட ஒரு நாளில், சர்க்கரை ஏறிக்கொண்டே போகும்.

திரும்பும்போது இதே அலாரம் எதிர்த்திசையிலும் தவறு செய்யக்கூடும். அங்கே இரவு 9-க்கு ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் கிளம்புகிறீர்கள். ‘நம் ஊரில் இப்போது இரவு 9’ என்று யாராவது நினைவூட்ட, விமான நிலையத்திலேயே அடுத்த ஊசியைப் போட்டால் இடைவெளி பதின்மூன்றரை மணி நேரம்தான். ஒரு மருந்தின் மேல் இன்னொன்று ஏறும். சர்க்கரை ஏறுவதைவிட இறங்குவதை நான் அதிகம் அஞ்சுகிறேன், அதுவும் அம்மா தூங்குகிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கும் விமானத்தில்.

என் யோசனை எளிமையானது. மூன்று வாரப் பயணம்தானே, ஊசி நேரத்தை மாற்றவே வேண்டாம். நம் ஊர் இரவு 9 என்பது அங்கே காலை 10:30. மகள் வீட்டில் தங்கியிருக்கும் நாளெல்லாம் காலை 10:30-க்கே போடட்டும். முதல் நாள் வீடு போய்ச் சேர்ந்து கை கால் கழுவியதும் ஊசி. திரும்பும் நாளில் விமானம் 11:30-க்கு. 10:30-க்கு வாயிலருகே உட்கார்ந்திருக்கும்போது ஊசி. ஊருக்கு வந்து அன்று இரவு 9-க்கு அடுத்தது. எங்கேயும் 24 மணி நேரம் பிசகவில்லை. அங்கே இடையில் கோடைக்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றினாலும் இந்த வகை இன்சுலினுக்கு அது பொருட்டில்லை. நீண்ட நாள் தங்குபவர்களுக்குத்தான் நேரத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தும் ஏற்பாடு தேவைப்படும். இந்தத் திட்டத்தை ஒரு தாளில் எழுதி அம்மாவின் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்து அளவில் ஏதும் மாற்ற வேண்டுமா என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

அம்மாவிடம் கைக்கடிகாரம் இருந்தால் அதை மாற்றாமல் நம் ஊர் நேரத்திலேயே விட்டுவிடுங்கள். ரத்த அழுத்த மாத்திரைக்கு இவ்வளவு கண்டிப்பு இல்லை, அங்கே போனதும் காலை மாத்திரையாகவே தொடரலாம். உணவுக்கு முன் போடும் சர்க்கரை மாத்திரையில் மட்டும் ஒரு கட்டளை: தட்டு முன்னால் வந்து வைக்கப்பட்ட பிறகுதான் மாத்திரை. விமானம் குலுங்கத் தொடங்கினால் உணவு வழங்குவதை நிறுத்திவிடுவார்கள். மாத்திரை போட்டுவிட்டு ஒன்றரை மணி நேரம் வெறும் வயிற்றில் காத்திருப்பது வேண்டாம். பிஸ்கட்டும் குளுக்கோஸும் உங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும், தலைக்கு மேலே உள்ள பெட்டியில் இல்லை. இருக்கை வார் போடச் சொல்லும் விளக்கு எரியும்போது நீங்கள் எழுந்து அதைத் திறக்க முடியாது.

இன்சுலின், ஊசிகள், சர்க்கரை பார்க்கும் கருவி எல்லாம் கைப்பையில்தான். சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் வைத்தால் உறைந்து கெட்டுப்போகலாம். பெட்டி வேறு ஊருக்குப் போய்விடவும் செய்யலாம். பாதுகாப்புச் சோதனையில் மருந்துக்குத் தடையில்லை. மருத்துவரின் கடிதமும் மருந்துச் சீட்டும் இருந்தால் பேச்சு சுருங்கும்.

ரத்தம் உறையும் பயம்

உறவினர் சொன்னதில் உண்மை இருக்கிறது, அளவுதான் தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து செய்யும் பயணம் கால் நரம்புகளில் ரத்தம் உறையும் வாய்ப்பை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது. விமானம் மட்டுமல்ல, பஸ், ரயில், கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இரட்டிப்பு என்றால் எவ்வளவு? ஆரோக்கியமானவர்களில் சுமார் 6,000 பேரில் ஒருவர். அம்மாவின் வயதும் நரம்புச் சுருட்டும் அதைக் கொஞ்சம் கூட்டும். கவனம் வேண்டிய அளவு. பயணத்தை நிறுத்த வேண்டிய அளவு இல்லை.

அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. பயணத்தின் நீளம் கூடக் கூட வாய்ப்பு கூடுகிறது. குறுகிய காலத்தில் அடுத்தடுத்து விமானம் ஏறினாலும் கூடுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் மாற்று டிக்கெட்டைப் பாருங்கள். முதல் விமானம் 4 மணி நேரம், இரண்டாவது 14 மணி 40 நிமிடம். உட்கார்ந்திருக்கும் நேரம் பதினாறரையிலிருந்து ஏறக்குறைய பதினெட்டரைக்கு மேல் போய்விட்டது. நடுவே கிடைக்கும் 1 மணி 20 நிமிடம் ஓய்வு இல்லை, ஓட்டம். முதல் விமானம் முக்கால் மணி நேரம் தாமதமானால் ஓட்டமும் இல்லை, தவறவிட்ட விமானம்தான். சக்கர நாற்காலியில் வருபவர் கடைசியாகத்தான் இறக்கப்படுவார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட் எண்ணில் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது நிறுவனத்தின் பொறுப்பு. மலிவாகக் கிடைக்கிறது என்று தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் அந்தப் பொறுப்பை யாரும் ஏற்க மாட்டார்கள். பெட்டிகளை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கும், அதற்கு அந்த நாட்டின் விசாவே தேவைப்படலாம்.

பயணத்தை உடைப்பதானால் முழு இரவு படுத்துறங்கி மறுநாள் கிளம்பும்படி உடைக்க வேண்டும். மூட்டுவலியால் எட்டு மணி நேரம்கூட உட்கார முடியாதவர்களுக்கு அதைப் பரிந்துரைப்பேன். உங்கள் அம்மாவுக்கு இடைநில்லா விமானமே நல்லது. ஊசிக் கணக்கில் மூன்றாவது ஓர் ஊரின் நேரத்தை நுழைக்க வேண்டியதில்லை என்பதும் எனக்குப் பெரிய ஆறுதல்.

இருக்கையிலிருந்து எழுவது

நடைபாதையை ஒட்டிய இருக்கையாக முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். முதல் பயணம், வெளியே பார்க்கட்டும் என்று ஜன்னலோரம் கொடுக்க ஆசையாகத்தான் இருக்கும். கொடுத்தால் என்ன நடக்கும் தெரியுமா? பக்கத்தில் இருப்பவர் தூங்குகிறாரே, எழுப்பினால் என்ன நினைப்பார் என்று கழிப்பறைக்குப் போக மாட்டார். கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று தண்ணீர் குடிக்க மாட்டார். தண்ணீர் குடிக்கவில்லை என்று உங்களிடம் சொல்லவும் மாட்டார். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழேதான். நாக்கு வறளும், சர்க்கரை நோயாளிக்கு அது இன்னும் சிரமம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அம்மாவைக் கழிப்பறை வரை நடத்திக் கூட்டிச் செல்வது உங்கள் வேலை. உட்கார்ந்திருக்கும்போது குதிகாலையும் முன்பாதத்தையும் மாற்றி மாற்றித் தூக்கி இறக்கச் சொல்லுங்கள்.

தூக்க மாத்திரை, ஆஸ்பிரின், அழுத்தக் காலுறை பற்றியும் கேட்டிருந்தீர்கள், மூன்றுக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன். தூக்க மாத்திரை வேண்டாம். அதைப் போட்டால் மணிக்கணக்கில் அசையாமல் கிடப்பார், எழுந்தால் தடுமாறுவார், சர்க்கரை இறங்கினாலும் யாருக்கும் தெரியாது. பயணத்துக்காக மட்டும் ஆஸ்பிரின் போடுவதும் வேண்டாம். கால் நரம்பில் ரத்தம் உறைவதைத் தடுக்க அதை நம்புவதில்லை, வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்போ உண்டு. முழங்காலுக்குக் கீழ் போடும் அழுத்தக் காலுறை நல்லதுதான், ஆனால் கடையில் கேட்டு வாங்கி மாட்டாதீர்கள். நீண்ட நாள் சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலுக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் சுருங்கியிருக்கலாம். அப்படிப்பட்ட காலில் இறுக்கமான காலுறை புண்ணையே உண்டாக்கும். மருத்துவர் பாதத்தில் நாடி பார்த்து, உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று சோதித்து, அளவெடுத்துச் சொன்னால் மட்டும் போடலாம்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் கடல் மட்டத்தைப் போல இருக்காது. சுமார் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். ஒரு மாடிப்படியை நிற்காமல், மூச்சு வாங்காமல் ஏற முடிகிறதா என்று கிளம்புவதற்கு முன் பாருங்கள். முடிந்தால் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நடுவில் நின்று மூச்சு வாங்கினால் டிக்கெட்டை உறுதி செய்வதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள். ரத்தசோகை இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

சக்கர நாற்காலி கேட்பதில் அம்மாவுக்குக் கூச்சம் என்று எழுதியிருந்தீர்கள். பெரிய விமான நிலையங்களில் வாயிலிலிருந்து குடிநுழைவு வரிசைக்கே ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். வழக்கமாக 48 மணி நேரத்துக்கு முன் நிறுவனத்திடம் சொன்னால் கட்டணமில்லாமல் ஏற்பாடு செய்வார்கள். டிக்கெட் எடுக்கும்போதே பதிந்துவிடுங்கள், இரு திசைக்கும்.

போய்ச் சேர்ந்த பிறகு உடல் புதிய ஊருக்குப் பழக, பொதுவாக ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்று கணக்கு வைப்பார்கள். முதல் வாரம் நள்ளிரவில் விழித்துக்கொண்டு பசிக்கிறது என்பார். சாப்பிடட்டும், ஆனால் எப்போது என்ன சாப்பிட்டார் என்று குறித்து வையுங்கள், அந்த வாரம் சர்க்கரையை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பாருங்கள். காலையில் வெளிச்சத்தில் கொஞ்சம் நடப்பது உதவும். மேற்கே போகும்போது பழகுவது சுலபம். கிழக்கே திரும்பி வந்த பிறகுதான் அதிகம் படுத்தும், எனவே வந்த மறுநாளே கல்யாணம், காதுகுத்து என்று எதற்கும் அழைத்துப் போகாதீர்கள்.

போய்ச் சேர்ந்த பிறகும் சரி, திரும்பி வந்த பிறகும் சரி, அடுத்த சில வாரங்களுக்குள் ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, கெண்டைக்காலில் வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ நரம்புச் சுருட்டுதானே என்று விட்டுவிடாமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். இரண்டு காலும் சமமாகக் கொஞ்சம் வீங்குவது நீண்ட பயணத்தில் வழக்கம்தான், ஓரிரு நாளில் வடிந்துவிடும். மருத்துவமனையில் பேசும்போது அம்மாவின் வயது, சர்க்கரை எல்லாவற்றுக்கும் முன்னால், எத்தனை மணி நேரம் பயணம் செய்து வந்தார் என்பதை முதலில் சொல்லுங்கள்.